செல் வந்தால் படுப்பதா, ஓடுவதா?

நேயர்களுக்கு வணக்கம். போர் கண்ட வன்னியில் இருந்துகொண்டு உங்களுக்கே செல்லடி, அதாவது எறிகணை வீச்சு, பற்றிச் சொல்ல வந்தது கொஞ்சம் துணிச்சல்தான். பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் பாடம் படித்த பிள்ளைகள் இப்போது தாய் தகப்பனாகி இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் பௌதிகம் படிப்பித்தவன். எல்லோரும் 'படு, படு' என்று கத்தினோமே, அது ஏன் என்பதில்தான் எனக்கு அக்கறை.

காலாட்படைச் சிப்பாய்க்கு இதில் பழக்குவது இரண்டு பாகம். சத்தம் கேட்டதும் கத்திச் சொல்லிக் குப்புற விழவேண்டும். அப்புறம் பொறுப்பாளர் காட்டும் திசையில் ஓடி அந்த இடத்தை விட்டே வெளியேறவேண்டும். இந்த இரண்டாம் பாகம் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. முதல் செல் பெரும்பாலும் இலக்குப் பார்க்கத்தான். அது எங்கே விழுந்தது என்று ஒருவன் பார்த்துத் திருத்திச் சொல்வான், அடுத்தது கிட்ட வரும்.

சரி, ஏன் படுக்கிறோம்? நிலத்தில் வெடிக்கும் செல்லின் சிதறல் பக்கத்துக்கும் மேலுக்குமாகப் பாய்கிறது. தரையோடு ஒட்டிக் கிடந்தால் பெரும்பகுதி நமக்கு மேலால் போய்விடும். வாய்க்காலோ வயல் வரம்பின் மறுபக்கமோ கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் காட்டுக்குள் கதை வேறு. 1944 கடைசியில் ஜெர்மனியின் ஹூர்ட்கன் காட்டில் அமெரிக்கச் சிப்பாய்கள் பழகினபடியே படுத்தார்கள். செல்களோ மர உச்சியில் பட்டு வெடித்தன. இரும்பும் மரச்சிராயும் மேலிருந்து கொட்டின. படுத்தவனுக்கு முதுகு முழுதும் வெளியே. அடிமரத்தோடு ஒட்டி நின்றவனுக்குத் தலையும் தோளும்தான் வெளியே, தலைக்கு இரும்புத்தொப்பியும் இருந்தது. அதனால் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கப் பழகினார்கள்.

எங்கள் பக்கத்து வளவுப் பெரியவர் ஜெர்மனியைக் கேள்விப்பட்டதோடு சரி. பங்கரைப் பாலை மரத்துக்குக் கீழே வெட்ட அவர் விடவே மாட்டார். "நிழல் இருக்குதே ஐயா" என்றால், "நிழலுக்குத்தான் பங்கர் வெட்டுறியோ தம்பி? கொப்பிலை பட்டு வெடிச்சா எங்கை போவாய்?" என்பார். வெட்டினால் மட்டும் போதாது, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போடவேண்டும், வாசல் வளைந்து இறங்கவேண்டும். சாக்கு இல்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. சாக்கில்லாத காலமும் வந்தது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோர மாத்தளன் பக்கத்து மணலில் பெண்கள் தங்கள் சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பினார்கள். திரும்பவும் சொல்கிறேன், குழியின் ஆழத்தை மட்டும் பார்க்காதீர்கள், மேல்மூடியைப் பாருங்கள்.

செல்லை ஏவும்போது வரும் 'குத்துகிற' சத்தம் செல் விழுமுன்பே கேட்பதும் பௌதிகம்தான். மோட்டார் எறிகணை பொதுவாக ஒலியை விட மெதுவாக, உயர ஏறி இறங்குகிறது. அந்தச் சில விநாடிதான் நமக்குக் கிடைத்தது. பல குழாயிலிருந்து ரொக்கெட்டுகளை அடுத்தடுத்து ஏவும் மல்டிபரலில் அந்த வசதி குறைவு. பிஎம்-21 வகை நாற்பது ரொக்கெட்டையும் ஏறத்தாழ 20 விநாடியில் விட்டுவிடும்.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். வாகனத்தில் போகும்போது என்ன செய்வது என்பதை விட்டுவிடுகிறேன். இதை மட்டும் கேளுங்கள்: வெடிக்காத செல் இன்னும் மண்ணுக்குள் உண்டு. காணி துப்பரவாக்கும்போது இரும்பு தட்டுப்பட்டால் தொடாதீர்கள், பக்கத்தில் குப்பை எரிக்காதீர்கள். வந்த வழியாலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைக்காதீர்கள். வணக்கம்.