இடைவேளையில் தீர்ப்பு எழுதலாமா?

(மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘கோடையில் வரும் புதுப்படங்களின் தரத்தைச் சரியாகச் சொல்பவர் விமர்சகரா, ரசிகரா?’ ‘ரசிகரே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி என் வேலையைச் சுலபமாக்கிவிட்டுப் போன எதிரணி ஆசிரியை அவர்களுக்கும், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதற்காக ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்ட சுங்கை சிப்புட் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

ஆசிரியை ஒரு கணக்குச் சொன்னார். ஒரு குடும்பம் இங்கிருந்து ஈப்போவுக்குப் போய்ப் படம் பார்த்துத் திரும்ப நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் ஆகிறது. அந்த நூறு வெள்ளிக்குக் காவல் நிற்பவர் விமர்சகர் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பெட்ரோல், டிக்கெட், பிள்ளைகள் கேட்கிற சோளப்பொரி எல்லாம் சேர்ந்தால் நூறு தாண்டத்தான் செய்யும். கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் காவல்காரர் எந்த லட்சணத்தில் காவல் காக்கிறார் என்பதில்தான் சண்டை.

தமிழ்நாட்டில் இப்போது முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கு. நமக்கு அப்போது மணி பதினொன்றரை. அங்கே இடைவேளை விடும்போது இங்கே பகல் ஒரு மணி. அந்த ஒரு மணிக்கே நம் கைப்பேசியில் வந்து விழுகிறது: ‘முதல் பாதி சுமார், இரண்டாம் பாதியைப் பார்ப்போம்.’ எழுதியவர் கையில் வாங்கிய தேநீரை இன்னும் குடித்து முடிக்கவில்லை. அதற்குள் இங்கே ஒருவர் அதைப் படித்துவிட்டு, மனைவிக்குப் போன் செய்து, ‘போக வேண்டாம், படம் சரியில்லையாம்’ என்கிறார். சரியில்லாதது படத்தில் எந்தப் பாதி, ஐயா? இன்னொரு பாதி அங்கே ஓடவே தொடங்கவில்லையே!

நடுவர் அவர்களே, உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஆசிரியை பேசி முடித்தவுடன் நீங்கள் எழுந்து, ‘இந்தப் பட்டிமன்றத்துக்கு இரண்டரை நட்சத்திரம்’ என்று சொல்லிவிட்டு மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், இந்தச் சபை உங்களை விட்டிருக்குமா? எல்லாரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பதற்குத்தானே உங்களுக்குப் பொன்னாடை!

கோடைப் படங்களுக்கு இந்த அவசரம் இரண்டு மடங்கு. நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. பகலில் வெயில், மாலையில் மழை, பன்னிரண்டு மாதமும் அதே கதை. தமிழ்நாட்டில் சித்திரைப் புத்தாண்டு தொடங்கி ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்வரை கோடைப் படங்களின் காலம். அமெரிக்காவில் மே முதல் ஆகஸ்ட் வரை. அங்கே ஒரு காலத்தில் கோடை என்றால் மந்தமான பருவம். 1975 ஜூன் 20 அன்று ‘ஜாஸ்’ என்ற சுறாமீன் படம் வந்து அந்த எண்ணத்தைக் கடித்துத் துப்பிவிட்டது. அன்றிலிருந்து பெரிய படங்களெல்லாம் கோடையைக் குறிவைத்து முண்டியடிக்கின்றன. தமிழில் 2025 மே 1 அன்று ‘ரெட்ரோ’வும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் ஒரே நாளில் வெளிவந்தன. விமர்சகரும் மனிதர்தானே? ஒரே நாளில் இரண்டு, மூன்று படம் பார்த்துவிட்டு, அடுத்தவன் எழுதுவதற்குள் தான் எழுதிவிட வேண்டும் என்று ஓடுகிற மனிதர், எந்தப் படத்தின் அலுப்பை எந்தப் படத்தின் தலையில் கட்டுகிறாரோ, யார் கண்டது?

ஆனால் அவசரத்தைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்காக எடுத்த படத்தை அவர்களில் பலர் கூட்டமில்லாமல் பார்க்கிறார்கள். இதை நான் சொல்லவில்லை. அமெரிக்க விமர்சகர் ஒருவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். 1967 ஆகஸ்டில் ‘பானி அண்ட் கிளைட்’ வெளிவந்தது. ‘நியூஸ்வீக்’ பத்திரிகையில் ஜோ மார்கென்ஸ்டெர்ன் அதைக் கிழி கிழி என்று கிழித்தார். அதோடு விட்டிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்று. அவர் மறுபடியும் போனார். இந்த முறை தியேட்டரில், பொதுமக்கள் நடுவே உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வாரமே அதே பத்திரிகையில், தாம் எழுதியது நியாயமில்லை என்று இரண்டாவது விமர்சனம் எழுதினார். படம் அதே படம். ஒரு காட்சிகூட மாறவில்லை. மாறியது அவர் உட்கார்ந்த இடம் மட்டும்தான். அந்த மனிதருக்கு நான் இங்கிருந்தே ஒரு வணக்கம் வைக்கிறேன்.

‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பாஸ்லி கிரௌதர் அப்படி இறங்கி வரவில்லை. அதே படத்தை அவரும் தாக்கினார், கடைசிவரை தாக்கினார். அந்தப் படம் பத்து ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. அவர் நாற்காலியில் அடுத்த ஆண்டு வேறொருவர் உட்கார்ந்திருந்தார். இதே கிரௌதர்தான் 1960 கோடையில் ‘சைக்கோ’ வந்தபோதும் உதட்டைப் பிதுக்கினார். ஆண்டு முடிவில் தம்முடைய சிறந்த பத்துப் படங்களில் அதையே சேர்த்துக்கொண்டார். அந்தப் படத்துக்கு அதன் இயக்குநர் ஹிட்ச்காக் செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். விமர்சகர்களுக்கென்று தனிக் காட்சி கிடையாது என்று சொல்லிவிட்டார். பார்க்க வேண்டுமா, எல்லாரையும்போல வரிசையில் வந்து பார். படம் தொடங்கிய பிறகு வந்தால் உள்ளே விடமாட்டோம். எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் கதவு சாத்தியது சாத்தியதுதான்!

இந்தியாவில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1975 ஆகஸ்டில் ‘ஷோலே’ என்ற இந்திப் படம் வந்தபோது தொடக்கத்தில் வந்த விமர்சனங்கள் அதைத் தேறாது என்று ஒதுக்கின. பம்பாய் மினர்வா தியேட்டரில் அது ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடியது.

ஆசிரியை ஒரு சதவீதக் கணக்கையும் கொண்டுவந்தார். அமெரிக்க விமர்சனங்களையெல்லாம் திரட்டித் தருகிற ‘ராட்டன் டொமேட்டோஸ்’ கணக்கு. அதைப் பலர் பரீட்சை மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, தாய்மார்களே. நூறு விமர்சகரில் எத்தனை பேர் ‘பரவாயில்லை’ என்று தலையாட்டினார்கள் என்ற எண்ணிக்கை அது, அவ்வளவுதான். நூறு பேரும் அரைமனதாகத் தலையாட்டினால் நூற்றுக்கு நூறு. அறுபது வந்தால் நல்ல தக்காளி, ஐம்பத்தொன்பது வந்தால் அழுகிய தக்காளி. 2023 ஏப்ரலில் வந்த ‘சூப்பர் மாரியோ’ கார்ட்டூன் படத்துக்குக் கிடைத்தது சரியாக ஐம்பத்தொன்பது. அந்த அழுகிய தக்காளியை உலகம் நூற்று முப்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வசூல்தான் தரம் என்று நான் வாதாட வரவில்லை. எதிரணி அந்தக் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. நான் கேட்பது வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்கு எடுத்த படத்தை நாற்பத்தைந்து வயதுக்காரர் பார்த்துவிட்டுக் கதையில் ஆழம் இல்லை என்றால், அந்தக் குறை யாருடையது?

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2016 ஜூலை 22. ‘கபாலி’. மலேசியத் தமிழனின் கதை. தோட்டக் கூலிப் போராட்டத்திலிருந்து எழுந்து வந்த ஒருவனைப் பற்றிய கதை. இந்தியாவில் வந்த விமர்சனங்கள் பலவற்றில் ஒரே புகார்: படம் மெதுவாகப் போகிறது, ரஜினி படத்துக்குரிய வேகம் இல்லை. இருக்கட்டும். நம் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைப் பற்றியா சண்டை போட்டார்கள்? வேகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ‘நம் பிள்ளைகளை இப்படிக் குண்டர் கும்பலாகக் காட்டலாமா’ என்று ஒரு பெரியவர் கொதித்தார். ‘காட்டினால் என்ன, தோட்டத்தை விற்று நம்மை வெளியே அனுப்பியபோது அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யார் கேட்டார்கள்’ என்று இன்னொருவர் எழுந்தார். சாப்பாட்டுக் கடையில் தொடங்கிய பேச்சு, கடைக்காரர் நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்த பிறகும் முடியவில்லை. பிடித்தவர்களும் ரசிகர், பிடிக்காதவர்களும் ரசிகர். ஆனால் இரண்டு பேரும் கேட்ட கேள்வி ஒன்று: இது நம் கதைதானா? அந்தக் கேள்விக்கு எந்த நட்சத்திரம் விடை சொல்லும்?

இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் அந்தப் படம் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. கபாலி செத்தானா இருக்கிறானா என்று பார்ப்பவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். நம் திரையிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டான் என்று கடைசியில் எழுத்துப் போட்டார்கள். ஆக, சென்னை விமர்சகர் பார்த்த முடிவு வேறு, நமக்குக் காட்டிய முடிவு வேறு. அவர் பார்க்காத முடிவுக்கு அவர் கொடுத்த நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

விமர்சனமே கூடாது என்பவனில்லை நான். 2024 டிசம்பரில் தமிழ்நாட்டில் தயாரிப்பாளர்கள் அமைப்பு ஒன்று, படம் வெளிவந்து மூன்று நாளைக்கு விமர்சனம் போடக்கூடாது என்று தடை கேட்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. சரியான முடிவு. வாயைக் கட்டிப் படத்தை ஓட்ட முடியாது. அதுவும் நமக்கு விமர்சனம் புதிதா? முன்பு ரப்பர் தோட்டத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? முன்னால் இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். அங்கே கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான், எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடும், யாருக்கும் கவலையில்லை. மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில், ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு நம் பாட்டிமார் சொன்ன விமர்சனத்தைக் கேட்டிருந்தால் பாதி நடிகர்கள் தொழிலையே விட்டிருப்பார்கள். அம்மா வேடக்காரி சரியாக அழவில்லை என்பதிலிருந்து, வில்லனுக்கு இன்னும் இரண்டு அடி கூடப் போட்டிருக்கலாம் என்பதுவரை ஒன்றும் தப்பாது. ஆனால் அவர்கள் முழுப் படத்தையும் பார்த்தவர்கள். மழை வந்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தவர்கள்.

எதிரணி கடைசியாக ‘ஜகாட்’டை எடுத்துப் போட்டது. நம் நாட்டுத் தமிழ்ப்படம், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது; அறிந்தவர்கள் சொல்லாவிட்டால் அதை யார் கண்டிருப்பார்கள் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி, எனக்கும் அந்தப் படத்தில் பெருமை உண்டு. ஆனால் அந்த விருதைக் கொடுத்தது நடுவர் குழு. போட்டிக்கு வந்த படங்களைப் பார்த்து, உட்கார்ந்து பேசி முடிவு சொன்னவர்கள் அவர்கள். இடைவேளையில் கைப்பேசியைத் தட்டுகிறவருக்கு அந்தப் பெருமையில் பங்கு கொடுக்க என் மனம் வரவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். எனக்குப் பிறகு பேச வருகிற எதிரணித் தம்பியிடம் ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். தம்பி, விமர்சனத்தை நம்பி நீங்கள் தியேட்டரில் விட்டுவிட்டு, பிறகு தொலைக்காட்சியில் பார்த்து, ‘அடடா, நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொன்ன படம் ஒன்றாவது இருக்கும். பெயரைச் சொல்லுங்கள். இல்லை என்றால், அதையும் இந்த ஒலிபெருக்கியில், உங்கள் வீட்டுக்காரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுங்கள். வணக்கம்.