கை மட்டும் போகிற இடங்கள்

வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வரலாம், நாற்காலி நிறையவே காலியாக இருக்கிறது. சரி, முதலில் ஒரு கேள்வி. கிளம்பும்போது வீட்டைப் பூட்டினீர்களா?

சிரிக்கிறீர்கள். ஆனால் இரண்டு மூன்று பேருக்கு முகம் லேசாக மாறியதையும் பார்த்தேன். பூட்டியிருப்பீர்கள், பயப்படாதீர்கள். கை சாவியைத் திருப்பியிருக்கும், ஒருமுறை இழுத்துக்கூடப் பார்த்திருக்கும், நீங்கள் மட்டும் அந்த இடத்தில் இருந்திருக்க மாட்டீர்கள். உடம்பு வேலை செய்கிறது, ஆள் வேறெங்கோ போயிருக்கிறார். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஆளில்லாத நேரத்தைப் பற்றித்தான்.

அது எவ்வளவு நேரம் என்று ஒருவர் கணக்கே எடுத்துப் பார்த்தார். வெண்டி வுட் என்கிற உளவியல் பேராசிரியர், தன் குழுவோடு சேர்ந்து 2002ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மணிக்கொரு முறை ஓர் ஒலி கேட்கும், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறாய், மனதில் என்ன ஓடுகிறது என்று மாணவர்கள் எழுதிவைக்க வேண்டும். எழுதியதைப் பார்த்தால், ஏறக்குறைய 43 சதவீதச் செயல்கள் கிட்டத்தட்ட தினமும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப நடப்பவை, அதிலும் பல நேரம் நினைப்பு வேறு எதிலோ இருக்கிறது. நாளில் பாதிக்குச் சற்றுக் குறைவு! அந்த நேரம் யாருடையது என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உடனே சிலர் கிளம்பிவிடுவார்கள், ஒவ்வொரு நொடியும் விழிப்போடு வாழ வேண்டும் என்று. ஐயா, முடியாது. சட்டைப் பொத்தான் போடுவதையே யோசித்து யோசித்துச் செய்தால் காலை பத்து மணிக்கே களைத்துப்போவோம். பழக்கம் நமக்கு எதிரி அல்ல, சம்பளம் வாங்காத வேலையாள். சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் செய்வார், ஆனால் அது இன்னும் தேவையா என்று ஒரு நாளும் கேட்கமாட்டார். சிக்கல் அங்கேதான்.

அந்த வேலையாள் எவ்வளவு கண்மூடித்தனமானவர் என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 2011ல் வெளியானது, இதுவும் வுட்டும் அவருடைய சகாக்களும் செய்ததுதான். திரையரங்குக்கு வந்தவர்களிடம் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்கு அப்போது பொரித்தது, சிலருக்கு ஒரு வாரம் பழையது, நமுத்துப்போனது. படம் பார்க்கும்போது பாப்கார்ன் கொறித்தே பழகியவர்கள் பழையதையும் புதியதற்குச் சமமாகத் தின்று தீர்த்தார்கள்! நன்றாக இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், கேட்டால் சொல்கிறார்கள். ஆனாலும் கை போய்க்கொண்டே இருந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், பழக்கமில்லாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள், அதாவது வலக்கைக்காரர் இடக்கையால். அவ்வளவுதான், பழையது கிடைத்தவர்கள் குறைவாகத் தின்றார்கள். யாரும் அறிவுரை சொல்லவில்லை, மன உறுதிப் பயிற்சி கொடுக்கவில்லை. கையை மாற்றினார்கள், ஆள் திரும்பி வந்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது இதுதான். நாள் முழுக்க விழித்திருக்க வேண்டாம், உங்கள் கை தானாகப் போகிற இரண்டு மூன்று இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் கையை மாற்றிப் பாருங்கள்.

எங்கே மாற்றுவது என்பதற்கும் ஒரு துப்பு இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற மூளை ஆராய்ச்சியாளர் எலிகளைப் பாதைச் சிக்கலில் ஓடவிட்டு மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதியைக் கவனித்தார். எலி புதிதாக ஓடும்போது அந்தப் பகுதி வழி நெடுகப் பரபரப்பாக இருந்தது, ஓடி ஓடிப் பழகிய பிறகு தொடக்கத்திலும் முடிவிலும்தான் துடிப்பு, நடுவில் அமைதி. ஆக, தொடங்கிவிட்ட பழக்கத்தை நடுவழியில் பிடித்து இழுப்பது கடினம். கைபேசியை எடுத்து நாற்பது நிமிடம் ஆன பிறகு ‘ஐயோ, போதும்’ என்று உங்களையே திட்டிக்கொள்வதில் என்ன பயன்? அதை எடுக்கும் அந்த ஒரு நொடியில்தான் கதவு திறந்திருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். காலையில் கண் விழித்ததும் கைபேசி, எழுந்திருக்கும் முன்பே அரை மணி நேரம் காலி. சபதம் செய்தேன், நான்கு நாள் தாங்கியது. அப்புறம் சார்ஜரைக் கொண்டுபோய் அடுத்த அறையில் மாட்டினேன். முதல் காலை என் கை தலையணைக்குப் பக்கத்தில் வெறும் மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரமாவது தடவியிருக்கும். அந்தத் தடவல் ஒவ்வொன்றும் எனக்கு ஒரு மணியடித்த மாதிரி, ஓ, முழித்துவிட்டோம், இப்போது என்ன செய்யலாம் என்று ஒரு யோசனை வரும். சில நாள் போய் கைபேசியைத்தான் எடுத்தேன், அதில் தப்பில்லை, அன்று எடுத்தது நான், என் கை அல்ல.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960ல் எழுதியது. முகத்தைச் சீரமைத்துக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 84 நாள் பின்தொடர்ந்து, அந்தப் போக்கை வைத்து மொத்தம் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டபோது நடுவாக 66 நாள் என்று வந்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறினால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 22ஆம் நாள் தோற்றுவிட்டதாக நினைத்துக் கைவிட்டவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி எனக்கே கொஞ்சம் வெட்கமான விஷயம். நல்ல பழக்கமும் தூங்கிப்போகும். தினமும் இரவு அன்றைக்கு நடந்ததில் மனதுக்குப் பிடித்த மூன்றை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். ஒரு நாள்கூட விடவில்லை என்று பெருமை வேறு. ஒருமுறை பழைய பக்கங்களைப் புரட்டினேன். தொடர்ந்து பதினொரு நாள் ஒரே மூன்று வரி, சொல்கூட மாறவில்லை. விழித்திருப்பதற்கென்று ஆரம்பித்த பழக்கத்தையும் அந்த வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டேன், அவர் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்! இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் எழுதுகிறேன், ஒரே ஒரு விஷயம், அது முன்பு எழுதாததாக இருக்க வேண்டும். சில நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அது பரவாயில்லை என்று தோன்றுகிறது.

இதை ஜப்பான் ரயில்காரர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே ஓட்டுநர் சிக்னலைப் பார்த்தால் மட்டும் போதாது, விரலை நீட்டிச் சுட்டிக்காட்டி, அது என்ன சிக்னல் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆயிரம் முறை பார்த்த அதே சிக்னலைத்தான். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1994ல் ஓர் எளிய வேலையை வைத்துச் சோதித்தபோது, சுட்டிக்காட்டிச் சொன்னவர்களின் தவறுகள் 85 சதவீதம் வரை குறைந்தன. நியூயார்க் சுரங்க ரயிலிலும் 1996 முதல் நடத்துநர்கள் நடைமேடையில் இருக்கும் வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பலகையை ஒவ்வொரு நிறுத்தத்திலும் விரலால் காட்டுகிறார்கள், ரயில் சரியான இடத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் கதவு திறக்கும். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். கண் மட்டும் செய்த வேலையில் விரலையும் வாயையும் சேர்க்கும்போது, ஆள் வந்துதான் ஆக வேண்டியிருக்கிறது.

நான் இப்போது வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை விரலால் காட்டி ‘பூட்டியாச்சு’ என்று சத்தமாகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று முதலில் என்னை விநோதமாகப் பார்த்தது. இப்போது நான் சொல்ல மறந்தால் அதுவே மாடியிலிருந்து ‘பூட்டியாச்சா?’ என்று கேட்கிறது.

கேள்வி இருந்தால் கேளுங்கள். மூன்றாவது வரிசையில் கைபேசியை எடுத்தவர், நீங்களே முதலில் கேட்கலாம்.