முண்டு விழுந்த பட்டை

நடுவர் ஐயா அவர்களுக்கும் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம். 'முதுமையில் மனம் தெளிவது வழிபாட்டாலா, பட்டறிவாலா?' இதுதான் தலைப்பு. நான் பட்டறிவின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, எழுபது வயதில் பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முருகன் சன்னிதியில் நின்றதும் பொலபொலவென்று கண்ணீர் வந்ததாகச் சொன்னார். எனக்கே கண் கலங்கியது. ஆனால் அக்கா, கூடவே ஏறிய உங்கள் பேரன் மேலே போய் என்ன செய்தான்? செல்ஃபி எடுத்தான். ஏறிய படி அதேதானே? நீங்கள் எழுபது வருஷத்தைத் தூக்கிக்கொண்டு போனீர்கள், அவன் கைப்பேசியைக் கொண்டு போனான்.

வயசானால் ஞானம் தானாக வந்துவிடுமா என்றும் கேட்டார்கள். வராது, ஒப்புக்கொள்கிறேன். 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுக்கப் படிவம் இருக்கிறது. ஞானத்துக்கு அப்படி ஒரு படிவம் கிடையாது. அறுபது தாண்டியும் அரை அடி வேலிக்குச் சண்டை போடுகிற ஆள் நம் ஊரிலேயே உண்டு. அது நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறார், பாருங்கள்.

சரி, எங்கள் அம்மாவைச் சொல்கிறேன். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். கத்தி பட்டைக்குள் போக வேண்டும், ஆனால் மரத்தைத் தொடக் கூடாது. நடுவில் விடுகிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. தொட்டுவிட்டால் மரம் சாகாது, காயம் ஆறிவிடும். ஆனால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். பல வருஷம் கழித்து அதே பட்டைக்குத் திரும்பி வரும்போது கத்தி நேராக ஓடாது, பால் கோடு விட்டு வழியும், பால் பிடிக்கிற மங்கில் சேராது. எவரோ எப்போதோ போட்ட காயத்துக்கு அம்மா, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

ஒரு நாள் என் மனைவி கோபத்தில் அம்மாவை ஏதோ சொல்லிவிட்டாள். அம்மா வாயே திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "நான் திருப்பிச் சொன்னாலும் ஆறிடும்டா. ஆனா முண்டு விழுந்துடும். அப்புறம் அந்தப் பக்கம் கத்தி போட முடியாது" என்றார். இதை எந்தப் பூசாரி சொல்லிக் கொடுத்தார், நடுவரே?

அம்மா கோயிலுக்குப் போகாதவர் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாது. ஒரு தடவை ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றார். "என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?" என்றேன். "ஒண்ணும் வேண்டல. அஞ்சாம் லயத்து அக்காவுக்கு நாலு வெள்ளி தரணும்" என்றார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் வாங்கிய கடன் அது. 1960இல், அப்போது அமைச்சராக இருந்த நம் துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் அம்மா பங்குப் பணம் கட்டும்போது குறைந்துபோன நாலு வெள்ளிப் பணத்தை, தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த அந்த அக்கா கொடுத்திருக்கிறார். பிறகு தோட்டம் கைமாறி ஆளுக்கொரு திக்காகப் போய்விட்டார்கள்.

அம்மா போன பிறகு அந்த அக்காவின் மகளைத் தைப்பிங்கில் தேடிப் பிடித்தேன். வட்டியோடு இருக்கட்டும் என்று 400 வெள்ளியை நீட்டினேன். அவர் நாலு வெள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு சிரித்தார். "எங்கம்மாவும் வெள்ளிக்கிழமையானா இந்த நாலு வெள்ளியத்தான் சொல்லும்" என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.