ராக்கெட் புகை: எந்த உயரத்துல விடுதுங்கிறதுதான் கணக்கு

[காட்சி: ஃபால்கன் 9 கிளம்புகிறது, ஓரத்தில் உயரம் ஓடுகிறது]

ராக்கெட்னாலே கார்பன் டை ஆக்சைடு எவ்வளவுன்னுதான் கேட்பாங்க. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தோட ஃபால்கன் 9 ராக்கெட் ஒரு தடவை கிளம்பினா சில நூறு டன். விமானங்கள் வருஷத்துக்கு விடுறது சுமார் 90 கோடி டன். அதை விட்டுடலாம்.

சிக்கல் கரித்துகள்லதான் இருக்கு. ஃபால்கன் 9-ஓட முதல் கட்டத்துல, அதாவது கிளம்பும்போது எரியுற கீழ்ப்பகுதியில, சுமார் 120 டன் சுத்திகரிச்ச மண்ணெண்ணெய். அதோட மெர்லின் இன்ஜின்ல, எரிபொருள் பம்பை ஓட்டுற டர்பைனைச் சுத்த வைக்கத் தனியா ஒரு சின்ன எரிகலன் உண்டு. டர்பைன் உருகிடக் கூடாதுன்னு அதுல ஆக்சிஜனைக் குறைச்சு, எண்ணெயைக் கூட்டி எரிப்பாங்க. அரைகுறையா எரிஞ்ச எண்ணெய் கரியா வெளியேறும்.

[காட்சி: தரையிறங்கிய முதல் கட்டம், கறுத்த உடல்]

திரும்பி வர்ற இந்த முதல் கட்டத்து மேல அப்பியிருக்கிறதும் இன்ஜின் கக்குன கரிதான்.

தரைக்குப் பக்கத்துல இந்தக் கரியில ஒரு பகுதி வெளிக்காத்து ஆக்சிஜன்ல மறுபடி எரிஞ்சிடும். மேலே காத்து மெலிசு, அதனால எரியாம தங்கிடும். மேகங்களுக்கு மேல இருக்குற அடுக்கு மண்டலத்துல கழுவி இறக்க மழையும் கிடையாது. கீழே சில நாள்ல படியுற கரி, அங்கே வருஷக்கணக்குல வெயிலை உறிஞ்சிக்கிட்டே மிதக்கும். மத்த எல்லா வழியிலயும் வர்ற கரியைவிட ராக்கெட் கரி, எடைக்கு எடை பார்த்தா, கிட்டத்தட்ட 500 மடங்கு சூடாக்கும்னு 2022-ல வந்த ஆய்வு சொல்லுது.

[காட்சி: ஸ்ரீஹரிகோட்டா, எல்விஎம் 3, வெள்ளைப் புகை]

ஒன்வெப்ங்கிற செயற்கைக்கோள் இணைய நிறுவனத்துக்காக 2022-லயும் 2023-லயும் தலா 36 செயற்கைக்கோளைக் கொண்டு போன இஸ்ரோ ராக்கெட் எல்விஎம் 3 இது. ரெண்டு பக்கமும் தலா 200 டன் திட எரிபொருள்: அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், ரப்பர் பிசின். புகை வெள்ளையா இருக்கேன்னு நம்பிடாதீங்க. இந்த வகை எரிபொருள் எரிஞ்சா எடையில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அலுமினாத் தூள், அஞ்சுல ஒரு பங்கு ஹைட்ரஜன் குளோரைடு. அந்த வாயு தண்ணியில கரைஞ்சா ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஏவுதளத்தைச் சுத்தி இலை கருகலாம், ஆழமில்லாத தண்ணியில மீன் செத்து மிதக்கலாம். மேலே போனா குளோரின் ஓசோனை அரிக்கும். அலுமினாத் துகளோட மேற்பரப்பு அந்த வினையை வேகமாக்கும்.

[காட்சி: 3,000 அடியில் ஒரு கோடு]

அமெரிக்காவுல ஏவுதள அனுமதிக்கான காற்று மாசுக் கணக்கு பெரும்பாலும் 3,000 அடி வரைக்கும்தான். ஃபால்கன் 9 அந்தக் கோட்டை அரை நிமிஷத்துக்குள்ள தாண்டிடும். முதல் கட்டம் எரியுறதோ ஏறக்குறைய இரண்டரை நிமிஷம்.