நேற்றைவிட இன்று மங்கலா?

வணக்கம். கண்புரை அறுவை முடித்தவர்களுக்கும், வீட்டில் அவர்களுக்குச் சொட்டு மருந்து விடுகிறவர்களுக்கும்தான் இந்தப் பேச்சு. பெரும்பாலானோருக்கு எந்தச் சிக்கலும் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சில நாள் மணல் விழுந்தது போல உறுத்தும், லேசாகச் சிவக்கும், வெளிச்சம் கூசும். இதெல்லாம் நாளுக்கு நாள் குறையணும். குறைகிறதா, கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தினமும் காலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, மற்ற கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, சுவர்க் காலண்டரைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

கண் மருத்துவராக நான் மிகவும் பயப்படுவது கண்ணுக்குள் வரும் கிருமித் தொற்றுக்குத்தான். ஆயிரத்தில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோதான் வரும், பெரும்பாலும் முதல் வாரத்தில். தெளிந்த பார்வை திரும்ப மங்கும், சிவப்பு ஏறும், வலி கூடும். சிலருக்கு வலியே இருக்காது, அதனால் ஏமாந்துபோகிறார்கள். ஒரு பெரியவர் மூன்று நாள் பொறுத்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டால், அட்டையை நீட்டி, "இன்றைக்குத்தானே தேதி போட்டிருக்கு" என்றார். அந்த மூன்று நாள் எங்களுக்குக் கிடைத்திருக்கணும். இதில் மணிக்கணக்கு முக்கியம். கண்ணுக்குள்ளிருந்து துளி நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் உடனே உள்ளே ஆன்டிபயாடிக் ஊசி போடுவோம். முற்றியிருந்தால் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் போன்ற பொருளையே அறுவை செய்து அகற்ற வேண்டியிருக்கும்.

மற்றவை இவ்வளவு அவசரப்படுத்தாது. ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து எழுத்து மங்கினால், பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே வடியும், பொறுமை வேண்டும். ஸ்டீராய்டு சொட்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே அழற்சி திரும்பும், நீங்களாகத் தொடர்ந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும்.

அப்புறம், "புரை திரும்ப வந்துவிட்டது" என்று மாதங்களோ வருடங்களோ கழித்துப் பலர் வருவார்கள். புரை திரும்ப வராது. பழைய லென்ஸைச் சுற்றியிருந்த மெல்லிய பையை விட்டுவைத்து அதில்தான் புது லென்ஸை வைக்கிறோம். அதன் பின்சுவரில் மீதமிருந்த செல்கள் படர்ந்து மங்கிவிடுகிறது. யாக் லேசர் போதும். தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்தால் சில நிமிடம், கத்தி இல்லை, தையல் இல்லை, அந்தச் சவ்வில் சின்னத் திறப்பு விழும்.

ஆனால் மின்னல் போல வெளிச்சம் அடித்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று நிறைய மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தாலோ விழித்திரை விலகியிருக்கலாம், அன்றே போங்கள். இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போன் செய்து இப்படிச் சொன்னால் போதும்: "கண்புரை அறுவை ஆகி நாலு நாள் ஆச்சு, நேற்றைவிட இன்று மங்கலாகத் தெரியுது, இப்பவே வரணும்."