லாக் கவுனாவில் பிரீமும் ரோச்சும்: எத்தனை வரை எண்ண வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. அயர்லாந்தில் கேவன், லாங்ஃபோர்டு மாவட்டங்களின் எல்லையில், எர்ன் ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கும் லாக் கவுனா ஏரிக்கரையில் நிற்கிறேன். ஐரிஷ் மொழியில் இந்தப் பெயருக்குக் கன்றின் ஏரி என்று பொருள். விடிந்து அரை மணி நேரம்தான் ஆகிறது. தண்ணீரின் மேல் இன்னும் மூடுபனி விலகவில்லை.

இத்தகைய ஆழமான ஏரிகளில் பிரீம், ரோச் என்ற கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கு எவ்வளவு தூரம் தூண்டில் வீச வேண்டும் என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். ஆழம் தெரியாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. எனக்குப் பின்னால் தெரியும் சிறு குன்றுகளைப் பாருங்கள். பனியுகத்தில் பனிப்பாறைகள் குவித்துவிட்டுப் போன டிரம்லின் மேடுகள் இவை. இதே மேடு பள்ளம் தண்ணீருக்கு அடியிலும் தொடர்வதால், பத்தடி தள்ளி விழுந்த தூண்டில் முற்றிலும் வேறொரு ஆழத்தில் கிடக்கக்கூடும்.

அதனால் முள் கட்டுவதற்கு முன்பு வெறும் ஈயத்தை மட்டும் வீசுகிறேன். ஈயம் தண்ணீரைத் தொட்டதும் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, விறைப்பாகப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்க வேண்டும். அது தரையில் அமரும் நொடியில், வளைந்திருந்த கோல் நுனி சட்டென்று நிமிர்ந்துவிடும். இன்று 20 மீட்டர் தூரத்தில் நான்கு வரை எண்ணினேன். 30 மீட்டரில் ஐந்து, 35 மீட்டரிலும் ஐந்து. 45 மீட்டரில் பதினொன்று! ஆக, 35 மீட்டரைத் தாண்டியதும் தரை சரிந்து இறங்குகிறது. ஈயத்தை மெல்ல இழுத்தால் கூழாங்கல் கடகடவென்று கையில் தெரியும், சேறு என்றால் கனமாக ஒட்டி வரும். சரிவுக்குச் சற்று முன்னுள்ள அந்தச் சமதளத்தின் ஓரமாகத்தான் பிரீம் கூட்டம் மேயும் என்பதால், ஒவ்வொரு வீச்சும் அங்கேயே விழும்படி 35 மீட்டரில் தங்கூசியை ரீலின் கிளிப்பில் மாட்டிவிட்டேன்.

இரைத்தீனிக்கு ரொட்டித் தூள், மக்காச்சோளம், நறுக்கிய மண்புழு, கொஞ்சம் வெல்லப்பாகு. புட்டுக்கு மாவு பிசைகிற பதம் வேண்டும்: பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் அதிகமானால், தீனியை அடைத்து வீசும் ஃபீடர் கூட்டுக்குள்ளேயே களியாக ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் தரையைத் தொடுவதற்குள் பாதி வழியிலேயே கரைந்து, ரோச் குஞ்சுகளை மேலே இழுத்துவிடும். முதலில் முள் இல்லாமல் பத்து ஃபீடர் தீனியை ஒரே இடத்தில் இறக்கிவிட்டு, அதன் பிறகு காத்திருக்கிறேன். இந்த ஒரு மணி நேரத்தில் பொறுமையிழந்து இடம் மாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பிரீம் கூட்டம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வந்து சேரும்.

ரோச் கடித்தால் நுனி படபடவென்று துடிக்கும். பிரீம் அப்படியில்லை. அது தலைகீழாகச் சாய்ந்து, வாயைக் குழாய்போல் நீட்டி இரையை உறிஞ்சி, பிறகு உடலை நிமிர்த்தும். நுனி மெதுவாக வளைந்துகொண்டே போகும், சில நேரம் தளர்ந்தும் விடும்.

இதோ, கைவலையில் இருப்பதைப் பாருங்கள். தாம்பாளம்போல் அகன்ற உடல், வெண்கல நிறம், கை முழுக்க வழுவழுப்பு. ஆனால் கண்ணில் ரோச்சுக்குரிய சிவப்பும் இருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் முட்டையிடுவதால் இங்கே கலப்பினம் அதிகம். சந்தேகம் வந்தால் குதத் துடுப்பின் கதிர்களை எண்ணுங்கள்: பிரீமுக்கு இருபதுக்கு மேல், ரோச்சுக்குப் பத்தை ஒட்டி, கலப்பினத்துக்கு இடையில். இதற்குப் பதினாறு. ரோச் இந்த நாட்டுக்குப் புதியது. 1889-இல் தெற்கே பிளாக்வாட்டர் ஆற்றில் வந்து சேர்ந்து, பின்னாளில்தான் எர்ன் வரை பரவியது.

இதை விட்டுவிடுகிறேன். 2006-இல் வந்த விதிப்படி 25 சென்டிமீட்டரைத் தாண்டிய இந்த வகை மீனைக் கொல்லக் கூடாது. கெண்டைக் குடும்பத்து மீன்களின் காற்றுப்பை உணவுக்குழாயோடு இணைந்திருப்பதால் ஆழத்திலிருந்து ஏறி வரும்போது காற்றை வெளிவிட முடியும். பெர்ச் மீனுக்கு அந்த வசதி இல்லை, அதனால் மிக ஆழத்தில் பெர்ச்சைத் தேடாதீர்கள்.

வெயில் ஏறிவிட்டது. 1990-களில் நுழைந்த வரிக்குதிரைச் சிப்பிகள் எர்ன், ஷானன் நீர்நிலைகளில் தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டதால், இனி மாலை வரை கடி குறைவாகவே இருக்கும். அடுத்த வாரம் லாக் ரீ ஏரிக்குப் போகிறேன். அந்தச் சிப்பிக் குஞ்சுகளை ஏரிக்கு ஏரி நாமே சுமந்து செல்லாதிருக்க, இந்த வலையை அதற்குள் கழுவி, நன்றாகக் காய வைத்தாக வேண்டும்.