பனி இல்லாத கிறிஸ்துமஸ்: செகண்ட் லைஃபில் எங்கள் ஊர் டிசம்பர்

வணக்கம் மக்களே, எல்லாரும் நலமா? மொரீசியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து பேசுகிறேன். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும், அதை நிறுத்தினால் வேர்த்து ஊற்றிவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். செகண்ட் லைஃபில் கிறிஸ்துமஸ் எப்படி நடக்கும், நான் அங்கே என்ன கட்டி வைத்திருக்கிறேன், இன்றைக்கு அதுதான் வீடியோ.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. செகண்ட் லைஃப் 2003இல் லிண்டன் லேப் என்கிற சான் பிரான்சிஸ்கோ நிறுவனம் திறந்த மெய்நிகர் உலகம். அதை கேம் என்று சொன்னால் அங்கே குடியிருக்கிறவர்களுக்குக் கோபம் வரும், ஜெயிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. வீடு, மரம், செருப்பு, தலைமுடி எல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கிற ஆட்களே செய்து, அந்த உலகத்துக் காசான லிண்டன் டாலருக்கு விற்கிறவைதான்.

சரி, டிசம்பர். நவம்பர் கடைசியில் ஒரு நாள் உள்ளே போனால், நேற்று வரை பச்சையாக இருந்த இடமெல்லாம் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். கடைகளில் அட்வென்ட் காலண்டர் வைப்பார்கள், தினமும் ஒரு பெட்டியைத் தட்டினால் ஒரு பரிசு. ஹண்ட் என்று இன்னொன்று, சின்னச் சின்ன பந்தாக, மணியாக ஒளித்து வைத்திருப்பார்கள், தேடி எடுத்தால் சட்டையோ சோபாவோ கிடைக்கும். ஃப்ரீபி, அதாவது இலவசப் பொருள் என்றால் எனக்கும் ஆசைதான், பொருள்களைச் சேர்த்து வைக்கிற என் இன்வென்டரியில் பிரிக்காத பெட்டிகள் எவ்வளவு என்று கேட்காதீர்கள். உறைந்த குளத்தில் சறுக்கலாம், பனிப்பந்து எறிந்து சண்டை போடலாம். ஒரு பீச் கிளப் இருக்கிறது, வருஷம் முழுக்கத் தென்னை மரமும் ரெகேயும், டிசம்பரில் அங்கேயும் தென்னை ஓலை மேல் பனி!

எனக்கு இதுதான் புரியவே இல்லை. பறக்கலாம், டிராகனாக நடக்கலாம், கடலுக்கு அடியில் வீடு கட்டலாம், அவ்வளவு சுதந்திரம் இருக்கிற உலகத்தில் கிறிஸ்துமஸ் என்று வந்தால் மட்டும் எல்லாரும் ஒரே வாழ்த்து அட்டைக்குள் போய் நின்றுகொள்கிறார்கள். இதைவிட நின்டெண்டோவின் அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ் என்கிற கேம் பரவாயில்லை. தொடங்கும்போதே உங்கள் தீவு பூமியின் வட பாதியிலா தென் பாதியிலா என்று கேட்டுவிடும். தென் பாதி என்று சொன்னால் டிசம்பரில் கோடைக்காலம், பனி விழுவது ஜூனுக்கு மேல்தான். 24ஆம் தேதி ஜிங்கிள் என்கிற கலைமான் மட்டும் தவறாமல் வந்துவிடும். அந்த வெயிலில் கலைமானைப் பார்த்தபோதுதான், அட, இது நம் ஊர் நொவெல் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது, கிறிஸ்துமஸை இங்கே நொவெல் என்போம்.

ஏனென்றால் எங்கள் நொவெல் அப்படித்தான். வீட்டில் முருகன் படம், அதற்குப் பக்கத்திலேயே விளக்குப் போட்ட மரம். இந்துவோ முஸ்லிமோ கத்தோலிக்கரோ, இந்தத் தீவில் டிசம்பர் 25 அன்று பிள்ளைகளுக்குப் பரிசு வாங்காத வீடு குறைவு. தெருவெல்லாம் ஃப்ளாம்பொயான் பூத்து சிவப்பாக நிற்கும், தமிழ்நாட்டில் அதை செம்மயிற்கொன்றை என்பீர்கள். சந்தையில் லிச்சி கொத்துக் கொத்தாகத் தொங்கும். ராத்திரி வேறு எதுவும் கிடையாது, நேராக பிரியாணி. இதைத்தான் செகண்ட் லைஃபில் என் மனையில் கட்டியிருக்கிறேன், திரையில் பாருங்கள்.

1024 சதுர மீட்டர் மனை. இதில் வைக்கிற பொருளுக்கு ஒரு வரம்பு உண்டு, லேண்ட் இம்பாக்ட் என்பார்கள், இந்த மனைக்கு 351. மரங்கள் அதில் நிறையத் தின்றுவிடும், அதனால் வீட்டுக்குள்ளே நாற்காலிகூடக் குறைவு. மரம் முக்கியமா நாற்காலி முக்கியமா என்றால் எனக்கு மரம்தான்.

இப்போது அந்தப் பனி எப்படி விழுகிறது என்று காட்டுகிறேன், எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பெட்டி மிதக்கும், அதற்குள் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், அது வெள்ளைப் புள்ளிப் படம் ஒன்றை விடாமல் உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பார்ட்டிகிள், அதிகம் போனால் 30 நொடி இருக்கும், பிறகு மறைந்துவிடும். இதை வரைவது உங்கள் கணினிதான், ஆகவே பக்கத்தில் நிற்கிறவர் பார்க்கிற பனி வேறு, நீங்கள் பார்க்கிற பனி வேறு. கூரை, சுவர் எதையும் அது மதிக்காது. எத்தனையோ பேர் வீட்டில் கணப்பு எரிந்துகொண்டிருக்கும், சோபா மேல் பனி கொட்டிக்கொண்டிருக்கும், அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். முற்றத்தில் விழுந்து கிடந்த ஃப்ளாம்பொயான் இதழ் ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து போனில் படம் எடுத்தேன். அந்தப் பூவில் ஐந்து இதழ், நான்கு முழுச் சிவப்பு, ஒன்றில் மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாகக் கீறல் கீறலாக இருக்கும், நான் வேண்டுமென்றே அதைத்தான் எடுத்தேன். பின்னணியை அழித்து உள்ளே ஏற்ற 10 லிண்டன் டாலர். பனி ஸ்கிரிப்டில் படத்தை மட்டும் மாற்றி, வேகத்தைக் குறைத்து, காற்றுக்கு அசையும்படி வைத்தேன். அவ்வளவுதான், பனிக்குப் பதில் பூ. இதுவும் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுகிறது, ஆனால் எங்கள் வீட்டில் ஜன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும், நிஜத்திலும் காற்றடித்தால் உள்ளேதான் வரும்.

அப்புறம் லிச்சி மரம். மேலே வலை தெரிகிறதா? லிச்சி பழுத்தால் வௌவால்கள் வந்துவிடும், இங்கே அது பெரிய சண்டை, 2015இல் அரசாங்கமே வௌவால்களைச் சுடச் சொன்னது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளுக்கே உரிய இனம் அது. அதனால் என் மரத்தில் பாதிக்கு வலை, பாதியை வௌவாலுக்கு விட்டிருக்கிறேன். வானத்தை ராத்திரியாக வைத்தால் அவை பறந்து வரும். ஆனால் ராத்திரி எப்போது? செகண்ட் லைஃபில் ஒரு நாள் என்பது நம் நான்கு மணி நேரம், அதில் மூன்று பகல், ஒன்று இரவு. 2020க்குப் பிறகு அவரவர் மனைக்கு அவரவர் வானத்தை வைத்துக்கொள்ளலாம், நான் சாயங்கால வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

கோயில்? உண்டு. செகண்ட் லைஃபில் எபிபனி என்கிற தீவில் 2007இல் ஆங்கிலிக்கர்கள் ஒரு பேராலயம் கட்டினார்கள், கிறிஸ்தவரல்லாத நானும் போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர், வத்திக்கான் 2002லேயே இணையத்தில் திருவருட்சாதனம், அதாவது நற்கருணை மாதிரியான சடங்கு, கிடையாது என்று எழுதிவிட்டது, ஜெபிக்கலாம், நற்கருணை வாங்க நேரில்தான் வரவேண்டும் என்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. பிரியாணியையும் திரையில் சாப்பிட முடியாதே.

குடும்பம் சேர்வது மட்டும் உண்மையாகவே நடக்கிறது. அண்ணன் மெல்பர்னில், சித்தி மகள் லண்டனில். லண்டனில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறதாம், உள்ளே வந்ததும் அவள் முதலில் என் முற்றத்து வெயிலில் போய்ப் படுத்துக்கொள்வாள். அண்ணன் தாடி, கம்பளிக் கோட்டு எல்லாம் மாட்டி பாப்பா நொவெலாக, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவாக வந்து மரத்தடியில் நின்றுகொண்டு, "இங்கே ஏசி இல்லையா தங்கச்சி?" என்று கேட்டான். திரையில் நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்துக்கு ஏன் வேர்க்கப் போகிறது!

வருகிறவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 இரவு 12 மணி, எங்கள் நேரம். செகண்ட் லைஃப் கடிகாரம் கலிஃபோர்னியா நேரத்தில் ஓடும், டிசம்பரில் எங்களுக்கும் அதற்கும் சரியாக 12 மணி நேரம், ஆகவே அங்கே பகல் 12. லண்டனில் இரவு 8, சென்னையில் அதிகாலை ஒன்றரை. இடத்துக்கான லிங்க் கீழே இருக்கிறது. பழைய லேப்டாப் வைத்திருக்கிறவர்கள் கிராஃபிக்ஸைக் குறையுங்கள், ஆனால் ப்ரெஃபரன்சஸில் பார்ட்டிகிள் எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் வைத்துவிடாதீர்கள், ஒரு இதழ்கூட விழாது, பிறகு வெறும் மரம்தானே இருக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.